தூங்கும் கிழங்கு: ஒரு கொடித்தோட்ட நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 11, ஞாயிறு. திருமங்கலம்

காரியாபட்டி பக்கம் பெரியம்மா ஊருக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு வந்தேன். கைப்பை முழுக்கக் கரிசல் மண். அதற்குள் ஐந்து அதலைக் கிழங்கு.

அதலைக்காயை மதுரை, விருதுநகர் பக்கம் அறியாதவர் இல்லை. வேறு ஊர்க்காரர்களிடம் சொன்னால் விழிப்பார்கள். பாகலுக்குச் சொந்தம். காய் ஒரு சுண்டுவிரல் கணு அளவுதான் இருக்கும். கசப்பு பாகலைத் தூக்கிச் சாப்பிடும். கரிசல் காட்டில் யாரும் விதைக்காமல், மழையோடு முளைத்துப் படர்ந்து, தை முடிவதற்குள் காய்ந்து காணாமல் போய்விடும். போனது கொடி மட்டும்தான். கிழங்கு அடியில் அப்படியே இருக்கும்.

கொத்தமல்லி பிடுங்கின காட்டில் நின்றோம். என் கண்ணுக்கு வெறும் மண் கட்டிகளும் சருகும்தான் தெரிந்தன. பெரியம்மா குனிந்து நூல் போலக் கிடந்த ஒரு காய்ந்த கொடியைத் தொட்டார். அதை இழுக்கவில்லை. இழுத்தால் அறுந்துவிடும், அப்புறம் கிழங்கைத் தேட வழி இருக்காது. அது மண்ணுக்குள் போகிற இடத்தில் விரலை விட்டு, வெடிப்பை ஒட்டியே களைக்கொத்தியால் நெம்பினார். ஒரு சாண் ஆழத்தில் கிழங்கு கிடந்தது. கறுத்த தோல், சின்ன நூக்கல் போன்ற உருவம், கையில் எடுத்தால் நல்ல கனம்.

"தாயி, ஐப்பசி மழை விழுகிற வரைக்கும் இதுக்குத் தண்ணி காட்டிராத. தூங்குறதை எழுப்பினா அழுகிப்போகும்" என்றார். ஒரு முறைக்கு மூன்று முறை சொன்னார்.

மாடு இருந்த காலத்துச் சிமெண்ட் தொட்டி கொல்லையில் சும்மா கிடந்தது. அடியில் நான்கு துளை போட்டு, கரிசல் மண்ணை நிரப்பி, ஐந்தையும் நான்கு விரல் ஆழத்தில் புதைத்துவிட்டேன். எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

மார்ச் 3, ஞாயிறு

கோவைக்காய்க் கொடி வைக்கும் வேலை இன்று முடிந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கிய செடி பந்தல் முழுக்க ஏறி, நாளுக்கு ஐம்பது பூ பூத்தது. ஒரு காய்கூட வரவில்லை. உரம் போதவில்லை என்று நினைத்து எருவும் பிண்ணாக்கும் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வருடம் போன பிறகுதான் தெரிந்தது, அது ஆண்கொடி.

கோவையில் ஆண் தனி, பெண் தனி. பூ பூத்தால் அடையாளம் சுலபம். வெள்ளைப் பூவுக்குக் கீழே குட்டிக் கோவைக்காய் போல ஒரு பருமன் இருந்தால் பெண். வெறும் காம்பாக இருந்தால் ஆண். விதை போட்டு வளர்த்தால் எது வரும் என்று சொல்ல முடியாது. காக்கையும் கிளியும் போட்ட விதையில் வேலியோரம் முளைப்பது பெரும்பாலும் கசக்கவும் செய்யும். அதனால் நல்லாக் காய்க்கிற பெண்கொடியில் இருந்து துண்டு எடுத்து நடுவதுதான் வழி. ஆண்கொடி பக்கத்தில் இல்லாமலே காய்க்கும் கொடிகளும் உண்டு. ஆனாலும் தோட்டக்காரர்கள் பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்று கணக்கு வைப்பார்கள்.

எதிர்வீட்டு அக்கா கொடியில் பென்சில் தடிமனுக்கு முதிர்ந்த தண்டாகப் பார்த்து, நான்கு கணு வருகிற மாதிரி ஆறு துண்டு வெட்டித் தந்தார். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. பந்தலுக்குக் கல்தூண் இருக்கிறது, மேலே கம்பி இழுத்துக் கட்டினோம். இது ஒரு பருவத்துப் புடலைப் பந்தல் இல்லை. மூன்று நான்கு வருடக் கனத்தைத் தாங்க வேண்டும், கயிறு போதாது.

பழைய ஆண்கொடியைப் பிடுங்கவில்லை. வேலியோரம் விட்டிருக்கிறேன், இவற்றுக்கு ஆகும்.

மே 9, வியாழன்

அக்னி நட்சத்திரம். காலை எட்டு மணிக்கே கொல்லையில் நிற்க முடியவில்லை.

வெற்றிலைதான் பெரிய கவலை. போன ஆவணியில் சோழவந்தான் கொடிக்கால் ஒன்றில் இருந்து வாங்கி வந்த கொடி. சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல். எனக்கு அதைவிட வைகைத் தண்ணீரும் அந்த மண்ணும்தான் நினைவுக்கு வரும். கொடிக்கால்காரர் அகத்தியை முதலில் வளர்க்கச் சொன்னார். அதைக் கொழுகொம்பாக நட்டு வளர்த்து, நான்கு மீட்டர் உயரத்தில் தலையைக் கிள்ளிவிட்டால் மேலே போகாமல் கிளைத்து நிழல் தரும். வெற்றிலைக்கு வெயில் சல்லடையில் சலித்த மாதிரி இறங்க வேண்டும். கொடியை வாழைநாரால் ஒரு சாணுக்கு ஒரு கட்டு, இளக்கமாகக் கட்ட வேண்டும். இறுக்கினால் தண்டு நசுங்கும், விட்டால் கணுவில் இருக்கிற வேர் அகத்தியைப் பிடிக்காது.

ஈரம் காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. தேங்கினால் தூரில் அழுகல் பிடித்து ஒரே வாரத்தில் கொடி தொங்கிவிடும். அதனால் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறோம். சின்ன இலைதான் வருகிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது.

அதலைத் தொட்டியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. "சும்மாதானே கிடக்கு, நாலு தக்காளி வைக்கட்டுமா?" என்று வீட்டில் அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு போய்விடும். அவருக்குப் புரிந்தது, ஆனாலும் காலித் தொட்டியைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. நானும் தினம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். வெடிப்புக்குள் விரல் விட்டேன், ஒரு கிழங்கு தட்டுப்பட்டது. கெட்டியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. மாமாவுக்குப் படையல். பிரண்டைத் துவையல் இல்லாமல் எங்கள் வீட்டில் அமாவாசைச் சமையல் கிடையாது. வசிட்டர் வீட்டுத் திவசத்துக்கு வந்த விசுவாமித்திரர் ஆயிரத்தெட்டுக் காய் வேண்டும் என்று கேட்டாராம். அருந்ததி பாகலுக்கு நூறு, பிரண்டைக்கு முந்நூறு, பலாவுக்கு அறுநூறு என்று கணக்கு வைத்து, எட்டு வாழைக்காயும் சேர்த்துப் பரிமாறினாளாம். அத்தை ஒவ்வொரு வருடமும் இந்தக் கதையைச் சொல்வார். இந்த வருடம் நான் சொன்னேன், அத்தை கேட்டார்.

பிரண்டை திராட்சைக் குடும்பத்துக் கொடி. பற்றுக்கம்பியைப் பார்த்தால் நம்பலாம். நட்டு ஒன்பது வருடம் ஆகிறது, சுற்றுச்சுவர் முழுக்க அதுதான். உரமும் இல்லை, தண்ணீரும் கணக்கில்லை. சுவரில் அதிகமாகி விழுவதை வெட்டித் தெருவுக்கே கொடுக்கிறோம்.

கையாளத் தெரிய வேண்டும். அதில் இருக்கிற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி மாதிரி குத்தும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நகம் இறங்குகிற நுனிக் கொழுந்தாகப் பார்த்து ஒடிக்க வேண்டும். கணுவைத் தள்ளிவிட்டு, நான்கு விளிம்பிலும் நாரை உரித்தேன். சின்னத் துண்டாக நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கினால் முதலில் பளிச்சென்று பச்சை ஏறும். அவசரக்காரர்கள் அங்கே இறக்கிவிடுவார்கள், தொண்டை அரிக்கும். அந்தப் பச்சை போய், துண்டு சுருங்கி, பழுப்பாகிற வரை நிற்க வேண்டும். அப்புறம் வறுத்த உளுந்து, வரமிளகாய், தாராளமாகப் புளி. புளியில் கை சுருக்கக் கூடாது.

சிறகவரை விதையும் நேற்று பதினெட்டாம் பெருக்கன்று ஊன்றியாகிவிட்டது. பகல் சுருங்கினால்தான் அது பூ எடுக்கும். தையில் ஊன்றி மாதக்கணக்கில் இலை மட்டும் பார்த்தவள் நான், அதனால் இப்போது ஆடியை விடுவதில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோவை ஆறில் ஐந்து பிடித்தது. மே கடைசியில் இருந்து காய். மூன்று நாளைக்கு ஒரு முறை பறித்தால் ஒரு குடும்பத்துக்கு மிஞ்சுகிறது. பறிக்காமல் விட்டால் பழுத்துச் சிவந்துவிடும், கொடியும் சோம்பிவிடும். பழுத்ததில் இரண்டைக் கிளிக்கு விடுகிறேன்.

செவ்வண்டு இலையைச் சல்லடை ஆக்குகிறது. விடிகாலைப் பனியோடு அடுப்புச் சாம்பல் தூவினால் குறைகிறது. அதைவிடத் தண்டில் அங்கங்கே புடைத்த வீக்கம்தான் எனக்குப் பயம். ஒன்றைப் பிளந்து பார்த்தேன், உள்ளே பொடிப் புழுக்கள். வீங்கின தண்டுகளை எல்லாம் வெட்டிக் குப்பைக்குழியில் போடாமல் எரித்துவிட்டேன்.

தூதுவளையும் கொடிப்பசலையும் தன் பாட்டுக்கு இருக்கின்றன. அத்தைக்குச் சளி பிடித்திருக்கிறது. தூதுவளை ரசம் வைத்தேன், இலையின் அடி நரம்பில் இருக்கிற முள்ளைக் கிள்ளிவிட்டு.

தொட்டியில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மதுரையே வெள்ளத்தில் மிதந்தது. இங்கேயும் நல்ல மழை. நேற்று கொல்லைக்குள் கால் வைக்க முடியவில்லை. இன்று காலை போனால் தொட்டி மண்ணின் வெடிப்பெல்லாம் மூடி, மேலே மூன்று முளை!

உட்கார்ந்து பார்த்தேன். கம்பி போல ஒரு தண்டு, முனையில் மடங்கின ஒரு சின்ன இலை, அதற்குப் பக்கத்தில் மயிரிழை அளவில் பற்றுக்கம்பி. ஏறுவதற்கு இன்னும் எதுவுமே இல்லை, ஆனால் அது அதற்குள் சுருளத் தொடங்கிவிட்டது. அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். போய் விளக்குமாற்றுக் குச்சி நான்கு எடுத்து வந்து அவரே ஊன்றினார்.

சாயந்தரம் வரை பார்த்தும் மற்ற இரண்டும் வரவில்லை. தோண்டினேன். வெற்றிலைப் பக்கம் இருந்த மூலையில் இரண்டும் கூழாகிப் போயிருந்தன. அகத்தித் தூருக்கு இரண்டு வேளையும் ஊற்றின தண்ணீர் வாய்க்காலில் நின்று, தொட்டியின் அடித் துளை வழியாக அந்த மூலைக்கு ஏறியிருக்கிறது. மேலே காய்ந்து வெடித்த மண், அடியில் கோடை முழுக்க ஈரம். பெரியம்மா மூன்று முறை சொன்னதை நான் மேல் மண்ணுக்கு மட்டும் கேட்டிருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒன்றை வாழ வைத்த தண்ணீர் இரண்டடி தள்ளி இன்னொன்றைக் கொன்றிருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

சிறகவரையில் வெளிர்நீலப் பூ. நான்கு சிறகோடு முதல் காய் விரல் நீளம் வந்துவிட்டது. பிஞ்சாகவே பறித்துப் பொரியல் செய்ய வேண்டும், முற்றினால் நார். இதன் வேரும் கிழங்காகும். கோடையில் கொடி காய்ந்தாலும் தூரை விட்டுவைத்தால் அடுத்த மழைக்குத் தழைக்கும்.

அதலை மூன்றும் குச்சியைத் தாண்டி, தொட்டி விளிம்பில் வழிந்து, தரையில் படர்கின்றன. பந்தல் கேட்கவில்லை. காட்டில் படர்ந்த பழக்கம் போல. இதில் கோவையின் தொல்லை இல்லை, ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில். இலைக்கு அடியில் புரட்டிப் பார்த்தால் வரி வரியாகப் பிஞ்சு.

டிசம்பர் 8, ஞாயிறு

முதல் பறிப்பு. இரண்டு கை அளவு. பறித்ததை அன்றே சமைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் வெடித்து விதை தெறித்துவிடும். இரண்டு முனையையும் கிள்ளி, காயை முழுசாகவே நல்லெண்ணெயில் போட்டு, சின்ன வெங்காயம், வரமிளகாய், உப்பு. கடைசியில் வறுத்த நிலக்கடலையைப் பொடித்துத் தூவினேன். ரசம் சாதத்துக்கு வைத்துக்கொண்டோம்.

அத்தை ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "எங்க ஊர்ல மழைக்காலத்துல இதான்மா காய்" என்றார். அத்தை பிறந்தது அருப்புக்கோட்டை பக்கம். கல்யாணமாகி இருபத்தி இரண்டு வருடத்தில் இந்தக் காயைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. இன்று மத்தியானம் முழுக்கப் பேசினார். பருத்திக் காட்டில் மடி நிறையப் பறித்து வந்தது, அதை அவர் அம்மா புளிக்குழம்பு வைத்தது, தங்கச்சி கசப்பு தாங்காமல் அழுதது எல்லாம்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

பெரியம்மா வந்திருந்தார். அதலை இலை மஞ்சளாகிவிட்டது, காய்ப்பு நின்று பத்து நாள். தொட்டி ஓரம் உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். "மூணும் பெருத்திருக்கு தாயி" என்றார்.

போன இரண்டைப் பற்றிச் சொன்னேன். திட்டவில்லை. எழுந்து அகத்தி வரை நடந்து, வாய்க்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். அப்புறம் பெரியம்மாவும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து தொட்டியை நகர்த்த முடியுமா என்று தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை.

கடைசியில் மண்வெட்டி எடுத்து வாய்க்காலை நான் வெட்டி வேறு பக்கம் திருப்பினேன். இனி வெற்றிலைத் தண்ணீர் பிரண்டைச் சுவரைப் பார்த்துப் போகும். தொட்டியின் அடித் துளைகளுக்கு வெளியே ஒரு கூடை ஜல்லி கொட்டினேன். காய்ந்த அதலைக் கொடியை அறுக்காமல், மூன்று தூருக்கும் பக்கத்தில் ஒவ்வொரு குச்சி ஊன்றியிருக்கிறேன்.