சாம்பல் புதனும் மாரல் கிளாசும்

நான் படிச்சது எங்க ஊர்ல ஒரு கத்தோலிக்க ஸ்கூல்ல, எய்டட், அதாவது அரசு உதவி வாங்கி நடக்கிறது. வாரத்துல ஒரு பீரியட் கிளாஸ் ரெண்டா பிரியும், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பசங்க ஞானோபதேசம்ங்கிற அவங்க மத வகுப்புக்கு பக்கத்து ரூமுக்கு போயிருவாங்க, மத்தவங்க மாரல் கிளாஸ்னு அங்கயே உக்காந்து பொய் சொல்லக்கூடாது பெரியவங்கள மதிக்கணும்னு எழுதிட்டு இருப்போம். ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் இதேதான்.

யாரும் எங்கள மதம் மாத்த பாக்கல, அத சொல்லியாகணும். அரசியலமைப்பு 28வது பிரிவும் அதத்தான் சொல்லுது, முழுக்க அரசு பணத்துல நடக்கிற ஸ்கூல்ல மத போதனை கூடாது, எய்டட்ல நடக்கலாம், ஆனா பெத்தவங்க சம்மதம் இல்லாம பிள்ளைய அதுல உக்கார வைக்கக்கூடாது. என் வருத்தம் வேற.

வருஷா வருஷம் கிறிஸ்தவங்களோட தவக்காலம் ஆரம்பிக்கிற சாம்பல் புதன் அன்னைக்கு பக்கத்து பெஞ்சு பையன் நெத்தியில சாம்பலோட வருவான். நான் விபூதியோட இருப்பேன். ஏன்டான்னு அவனும் கேக்கல நானும் கேக்கல. முந்தின வருஷம் குருத்தோலை ஞாயித்துக்கிழமை மந்திரிச்ச ஓலைய எரிச்சு எடுக்கிற சாம்பல் அது, மனுஷன் மண்ணுக்குத்தான் திரும்பப் போறான்னு ஞாபகப்படுத்துறதுக்காகன்னு எனக்கு கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. எங்க தாத்தா விபூதிக்கு சொல்ற விளக்கமும் அதேதான், கடைசில எல்லாரும் பிடி சாம்பல்! பன்னெண்டு வருஷம் ஒரே பெஞ்சு, இது தெரியாம போச்சு. இன்னொருத்தன் நோன்பு வச்சிட்டு வந்தப்ப வெயில்ல கிரவுண்ட சுத்தி ஓட விட்டாங்க, பாவம், தண்ணி கூட குடிக்க மாட்டான்னு பி.டி. சாருக்கும் தெரியல எங்களுக்கும் தெரியல.

மதத்த போதிக்கிறது வேற, மதங்கள பத்தி சொல்லித்தர்றது வேற. ஸ்கூல் பாடத்திட்டத்துல மதங்கள பத்தி சேத்தத எதிர்த்து போட்ட அருணா ராய் வழக்குல 2002ல சுப்ரீம் கோர்ட்டே ரெண்டாவதுக்கு தடை இல்லன்னு சொல்லிருச்சு. இலங்கைல சமயம் ஒரு பாடமாவே இருக்கு, ஆனா அங்கயும் சைவப் பிள்ளை சைவநெறி, முஸ்லிம் பிள்ளை இஸ்லாம்னு அவங்கவங்களுத தான் படிக்கிறாங்க. எனக்கு வேண்டியது அதுவும் இல்ல. எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து அடுத்தவன் வீட்டு நோன்பு என்ன, பொங்கல் என்ன, தவக்காலம் என்னன்னு கேக்கணும். டீச்சர் தன் மதத்த உசத்தி பேசிட்டா என்ன பண்றதுங்கிற பயம் நியாயமானதுதான், அதுக்குத்தான் பாடத்த எல்லா தரப்பும் உக்காந்து எழுதணும், டீச்சருக்கும் டிரெய்னிங் வேணும்.

இப்ப என் பொண்ணும் அதே மாதிரி ஒரு ஸ்கூல்லதான் படிக்கிறா. போன வாரம் வந்து கேக்கிறா, "அப்பா, அந்த பீரியட்ல பக்கத்து ரூம்ல என்ன சொல்லித்தர்றாங்க?" அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்ல இதத்தான் கேக்கப் போறேன், மாசத்துக்கு ஒரு தடவையாவது அந்த ரெண்டு ரூமையும் ஒண்ணா உக்கார வைங்கன்னு.