திருவிழா முடிந்த மறுநாள்

சாய்த்து வைத்த பீப்பாய்களின் மேல் துளையில் விரல் நீள மரக்குச்சி. அதைச் சுற்றி நுரை பொங்குவதை, அந்த பீரைக் காய்ச்சியவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், டவுன் ஹாலில் பீர் திருவிழா.

காஸ்க் ஏல் எனும் இந்தப் பீப்பாய் பீர் அப்படித்தான். ஈஸ்ட் உயிரோடு இருக்கும், பீப்பாய்க்குள்ளேயே மறுபடி நொதிக்கும். திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும். ஃபர்கின் எனும் இந்தப் பீப்பாய் ஒன்றில் 72 பைண்ட், அதாவது சுமார் 41 லிட்டர். கூட்டமில்லாத பப்பில் பாதி சாக்கடைக்குத்தான் போகும். இங்கே ஒரே சாயங்காலத்தில் காலி.

இந்த வகை பீரைக் காப்பாற்ற 1971-இல் நான்கு பேர் தொடங்கிய கேம்ரா இயக்கம் இல்லாவிட்டால், வாயு அழுத்தத்தில் அடைத்து வரும் பெரிய கம்பெனிகளின் கெக் பீர் இதை எப்போதோ விழுங்கியிருக்கும். இந்தத் திருவிழாக்களில் ஊற்றிக் கொடுப்பவர்கள் இன்றும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான். அந்த நன்றி பீர் காய்ச்சுபவருக்கு நிறையவே உண்டு.

ஆனால் புகைச்சலும் உண்டு.

பிழைப்புக்காகக் கொஞ்சம் கெக்கிலும் அடைத்து விற்கிறார். இயக்கத்தின் பழைய தலைகள் முகம் சுளிக்கிறார்களாம். அதே ஆட்கள்தான் பைண்ட் விலை ஏறினாலும் முணுமுணுக்கிறார்கள்!

என்னைக் கேட்டால், காஸ்க்கா கெக்கா என்பதெல்லாம் அப்புறம். இங்கே குடித்துவிட்டு ஆகா என்றவர் நாளைக்கு அதைத் தேடினால் எங்கே போவார்? பக்கத்துத் தெரு பப் ஏதோ பெரிய கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருக்கும். வெளி பீர் உள்ளே நுழையாது.

பீர் காய்ச்சுபவரின் அவசரக் கவலை வேறு. காலிப் பீப்பாய்கள் சரியாகத் திரும்பி வருவதில்லை. அடையாளத்துக்குப் பச்சைப் பட்டை அடித்து வைத்தும் காணாமல் போகின்றனவாம்.