சுசீந்திரத்தில் நடை சாத்தியிருந்த நேரம்

சின்ன வயதிலிருந்து சுசீந்திரம் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தெப்பக்குளம், 134 அடி ராஜகோபுரம், 18 அடி ஆஞ்சநேயர் முன்னால் வெண்ணெய் வாசனையோடு நிற்பது, கொன்றை மரத்தடிச் சன்னதியான கொன்றையடியில் ஒரு கும்பிடு. சிவன், விஷ்ணு, பிரம்மா மூவரும் ஒன்றான தாணுமாலயன் சன்னதியில் நடை சாத்தியிருந்தால் மட்டும் பொறுமை போய்விடும். எப்போது திறப்பார்கள் என்று எட்டி எட்டிப் பார்ப்பேன்.

இந்த மார்கழியில் போனபோது அப்படி இல்லை. அதற்கு முன் இரண்டு மாதமாகத் தந்திரசமுச்சயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 15ஆம் நூற்றாண்டில் சேன்னாஸ் நாராயணன் நம்பூதிரி சம்ஸ்கிருதத்தில் எழுதிய நூல். கேரளக் கோயில்களில் பூஜைக்கும் பிரதிஷ்டைக்கும் இன்றும் அதுதான் முக்கிய ஆதாரம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. பல கோயில்களில் பூஜை முறை மட்டும் பழைய திருவிதாங்கூர் வழியிலேயே தொடர்கிறது. அதனால்தான் இங்கே அர்ச்சகரைப் போற்றி என்கிறோம், ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம்.

அந்த நூல் சொல்லும் தந்திர வழியில் பூஜை செய்பவர் எடுத்த எடுப்பில் பூவைத் தொடுவதில்லை. முதலில் பூதசுத்தி. தன் உடம்பிலுள்ள மண்ணை நீரிலும், நீரைத் தீயிலும், தீயைக் காற்றிலும், காற்றை ஆகாயத்திலும் மனத்தால் ஒடுக்க வேண்டும். அப்புறம் நியாசம்: விரல், நெஞ்சு, தலை என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டு மந்திரத்தை அங்கே நிறுத்துவது. பழைய உடம்பு கரைந்து, மந்திரத்தாலான உடம்போடு உட்கார்ந்த பிறகுதான் பூவும் நீரும். அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாபம் தீர்ந்து இந்திரன் சுத்தியடைந்ததால் சுசீந்திரம் என்று பேர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. இந்த ஊர்ப் பேரிலேயே அந்தச் சுத்தி இருக்கிறதே!

அர்த்தஜாமத்தில் இன்றும் இந்திரனே வந்து பூஜிப்பதாக நம்பிக்கை. அதற்காகவே 'அகம் கண்டது புறம் கூறேன்' என்று இங்கே போற்றிமார் சத்தியம் செய்வது வழக்கம். நூலைப் படித்தாலும் மந்திரம் குருவின் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் அதே கட்டுப்பாடுதான். எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது.

அன்று சாயங்காலமும் தீபாராதனைக்கு முன் நடை சாத்தியிருந்தது. பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மா என் கையை மெதுவாகப் பிடித்தார்.

"எதுக்கு மக்ளே எட்டிப் பாக்க? போற்றியும் உள்ள கண்ண மூடிட்டுதான் இருப்பாரு. நீயும் மூடு."

மூடினேன். நெஞ்சில் கை வைத்தபடி நின்றேன். மணிச் சத்தத்தோடு நடை திறந்தது. அடுக்குத் தீபம் ஒருமுறை மேலேறி இறங்க, இருட்டுக்குள்ளிருந்து தாணுமாலயன் தெரிந்தார். கொஞ்ச நேரத்தில் வாழையிலைத் துண்டில் சந்தனமும் ஒரு தெச்சிப் பூவும் கைக்கு வந்தன. சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது.