படுத்த படுக்கையில் இருக்கும் அம்மாவின் உயரத்தை எப்படிக் கண்டுபிடித்தோம்

எழுந்து நிற்க முடியாத பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உயரம் என்ற ஒரே ஓர் எண் தப்பாகப் பதிவானதால் என் அம்மா பல மாதம் சத்துக் குறைந்தே கிடந்தார்.

அம்மாவுக்கு 81 வயது, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறை என்ற ஊரில் எங்களோடு இருக்கிறார். வலது இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதில் இருந்து நடமாட்டம் இல்லை. முதுகு அதற்கு முன்பே கூன் விழுந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் அவரைப் படுக்க வைத்தபடியே தலையில் இருந்து பாதம் வரை டேப்பை நீட்டி, 143 செ.மீ. என்று எழுதினார்கள். எடை 40 கிலோ. பிஎம்ஐ, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், 19.6 வந்தது. "உயரத்துக்கு ஏத்த எடைதாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கன்னம் ஒட்டிப்போய், மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல் முழங்கை வரை ஏறிப்போகிறது. அதைத் தினமும் பார்க்கிற எனக்கு மனசு ஒப்பவில்லை.

பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனை (உணவு ஆலோசகரை)ப் பார்க்கக் கேட்டு வாங்கிப் போனேன். நம் பெண்தான். 143-ஐப் பார்த்ததுமே, "அக்கா, பாட்டிய நேரா நிமித்த முடியுதா?" என்று கேட்டார். முடியாது என்றேன். பழனிக்குப் போக எடுத்த பழைய பாஸ்போர்ட் கையில் இருந்தது, அதில் உயரம் 156 என்று போட்டிருந்தது. அது இடுப்பும் முதுகும் நன்றாக இருந்த காலத்துக் கதை என்று அதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் சொன்ன காரணம் எனக்குச் சட்டென்று புரிந்தது. வயதாகும்போது குறைவது முதுகெலும்புதான். எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டுகள் வற்றுகின்றன, எலும்புத் தேய்மானம் இருந்தால் முள்ளெலும்புகளே நசுங்குகின்றன. ஆனால் கால், கை நீள எலும்புகள் அப்படிக் குட்டையாவதில்லை. அதனால் முழங்கால் உயரத்தை அளந்து, அதில் இருந்து முழு உயரத்தைக் கணக்கிடலாம்.

அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்து, நல்ல காலான இடது காலை மடக்கினோம். முழங்கால் 90 பாகை, கணுக்காலும் 90 பாகை. நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். கேலிப்பர் என்பது இரண்டு தகடு பொருத்திய அளவுகோல். அதன் ஒரு தகடு குதிகாலுக்கு அடியில் இருந்தது. நகரும் தகட்டை முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் மேல் வைத்து லேசாக அழுத்தினார். கோல் முன்னங்கால் எலும்புக்கு இணையாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் படித்தார். எடுத்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து அளந்தார். இரண்டு அளவும் அரை செ.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டுமாம். 45.5 வந்தது.

மலேசிய முதியவர்களுக்கென்று 2003-இல் வெளிவந்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. பெண்களுக்கு முழங்கால் உயரத்தை 2.225-ஆல் பெருக்கி 50.25 கூட்ட வேண்டும். அம்மாவுக்கு 151.5 செ.மீ. பிஎம்ஐ 17.4! 18.5-க்குக் கீழே போனாலே எடை குறைவு. அமெரிக்காவில் சம்லியா குழுவினர் 1985-இல் தந்த சூத்திரத்தையும் அவர் போட்டுப் பார்த்தார். அது வயதையும் கழிக்கிறது: 84.88-இல் இருந்து வயதின் 0.24 மடங்கைக் கழித்து, முழங்கால் உயரத்தின் 1.83 மடங்கைக் கூட்டுவது. அதில் 148.7 செ.மீ., பிஎம்ஐ 18.1. எதில் போட்டாலும் அம்மா மெலிவுதான்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அடையாளம் தெரியாத எலும்புக்கூட்டின் உயரத்தைத் தடயவியலில் கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான். டிராட்டர், கிளெசர் என்ற இருவர் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எலும்புகளை, உயிரோடு இருந்தபோது பதிவான உயரத்தோடு ஒப்பிட்டு 1952-இல் சூத்திரங்கள் வெளியிட்டார்கள். 30 வயதுக்கு மேல் ஆண்டுக்கு 0.06 செ.மீ. கழிக்கச் சொன்னார்கள். இனத்துக்கு இனம் கைகால் விகிதம் மாறுவதால், ஒரு மக்களுக்குச் செய்த சூத்திரம் இன்னொரு மக்களுக்கு அப்படியே பொருந்தாது. நம் ஊர் ஆட்களை அளந்து செய்த கணக்கு நமக்கு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது.

கால் மடங்காதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. இடது கையை மார்பின் குறுக்கே மடக்கி, முழங்கை முனையில் இருந்து மணிக்கட்டில் துருத்தும் எலும்பு வரை அளந்தும் பார்ப்பார்கள். கால் வீங்கியிருந்தாலும் இதைக் கேளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரி வீதம் நாளுக்கு 1,200 என்று டயட்டீஷியன் இலக்கு வைத்தார். அம்மா குடித்த கஞ்சியும் மீன் சாறும் 800-ஐக்கூடத் தொடவில்லை. ஒரேயடியாக ஏற்றக் கூடாது, வெகுநாள் சத்தில்லாமல் இருந்த உடம்பில் இரத்தத்து உப்புகள் திடீரென்று இறங்கிவிடும் என்று எச்சரித்தார். இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து, சத்துப் பால் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம்.

இப்போது அம்மா 42.5 கிலோ. அவருடைய சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் "முழங்கால் உயரம் 45.5, உயரம் 151.5" என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக வருகிற தாதி டேப்பைக் கையில் எடுத்தால் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டிவிடுகிறேன்.