'ரோஜர்' என்றால் 'ஆமாம்' இல்லை

விமானி ஆகப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் எல்லாரும் உயரத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். எனக்கு உயரம் பயமாக இல்லை. ரேடியோதான் பயம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் நான். செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தின் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து முதல்முறை மைக் பட்டனை அழுத்தியபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

மத்திய இந்தியாவில் ஒரு பயிற்சிப் பள்ளி. நான் பறக்கக் கற்றுக்கொண்ட பத்தாவது மணி நேரம் இருக்கும். ஓடுபாதையை நோக்கி விமானத்தை உருட்டிக்கொண்டு போகிறேன். "ஹோல்ட் ஷார்ட்" என்றது டவர், அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம். கோட்டுக்கு முன்னாலேயே நில், உள்ளே நுழையாதே என்று அர்த்தம். பாதிதான் காதில் விழுந்தது. "ரோஜர்" என்று சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டே இருந்தேன். பயிற்றுநர் பிரேக்கை மிதித்தார். "என்ன சொன்னார்கள், திருப்பிச் சொல்." எனக்கு வாய் வரவில்லை. அன்று பறக்காமலே திரும்பினோம்.

அவர் திட்டவில்லை. மாலையில் கூப்பிட்டு, 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் நடந்ததை விளக்கினார். மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. கேஎல்எம் விமானம், தான் கிளம்புவதாகச் சொன்னதை, ஓடுபாதை முனையில் தயாராக நிற்கிறது என்று டவர் எடுத்துக்கொண்டு "ஓகே" என்றது. அதைத் தொடர்ந்து "காத்திரு" என்று சொன்னது, அதே நொடியில் பான்ஆம் விமானமும் பேசியதால் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு விமானங்களும் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தார்கள். அதற்கு அப்புறம்தான் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் சொல்வதில்லை என்ற வழக்கம் உறுதிப்பட்டது. 'ரோஜர்' என்றால் நீங்கள் பேசியது கேட்டது என்று மட்டுமே பொருள். ஆமாம் என்பதற்கு 'அஃபர்ம்'. ஓடுபாதை சம்பந்தமான கட்டளை என்றால் அப்படியே திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும்.

ரேடியோ மொழியில் அழகான ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எனக்கு அது பெரிய விடுதலை. ஒன்பதை 'நைனர்' என்பதுகூட ஐந்தோடு குழம்பாமல் இருக்கத்தான். விடுதியில் அறைத்தோழன் டவர், நான் விமானம். இரவு பத்து மணிக்கு அம்மா போன் செய்து, "யார்கிட்டப்பா இவ்வளவு நேரம் பேசிட்டிருக்க?" என்பார்.

தனியாகப் பறந்த நாள். பயிற்றுநர் இறங்கிக் கதவைச் சாத்தினார். ஓர் ஆள் எடை குறைந்ததில் விமானம் விறுவிறுவென ஏறியது. வலப்பக்க இருக்கை காலி. ஒரே ஒரு சுற்று. தரையிறங்க அனுமதி வந்தது. ஓடுபாதை எண்ணையும் ரேடியோவில் என் விமானத்தைக் குறிக்கும் பெயரான அழைப்புக்குறியையும் நிதானமாகத் திருப்பிச் சொன்னேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று இருந்தது.

200 மணி நேரம், தேர்வுகள், ஆர்டிஆர் என்ற ரேடியோ உரிமம், ஏ320 பயணிகள் விமானப் பயிற்சி எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. இப்போது துணை விமானி. கேப்டன் ஓட்டும்போது ரேடியோ என் பொறுப்பு. அனுமதி வந்ததும் முதலில் தாளில் எழுதிக்கொள்கிறேன், அப்புறம்தான் பட்டனை அழுத்துகிறேன்.