மாசிக் குளிரில் வெள்ளியங்கிரி: நள்ளிரவுக்கு முன் ஏறாதீர்கள்

கோவைக்கு மேற்கே ஏழு மலை ஏறி, உச்சிக் குகையில் சிவனைத் தரிசிக்கும் இடம் வெள்ளியங்கிரி. அங்கே போய் வந்தவர்கள் எல்லாரும் முதல் மலையின் படிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். விடியலுக்கு முன் ஏழாவது மலையில் அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து போகிறவர்களைப் பாடாய்ப்படுத்துவது அந்தக் காற்றுதான். மாசி மக விடுமுறையில் ஏறி இறங்கிய சூட்டோடு இதை எழுத அதுதான் காரணம். உச்சியில் பாறை இடுக்குகளில் நனைந்த பனியனோடு, பல் கிடுகிடுக்க, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன்கள் எத்தனை பேர்! அவர்களில் பெரும்பாலானவர்கள் மலையேறத் தெரியாதவர்கள் இல்லை. சீக்கிரம் ஏறிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பார்ப்போம். பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சி சுமார் 6 கிலோமீட்டர். ஓரளவு நடந்து பழகியவருக்கு 5 மணி நேரம், பழகாதவருக்கு 6 மணி நேரம். மாசி கடைசியில் கோவைப் பக்கம் சூரியன் உதிப்பது காலை 6.35 வாக்கில். இரவு 8 மணிக்கே ஏறத் தொடங்கினால் 2 மணிக்கு உச்சியில் இருப்பீர்கள். அப்புறம் நாலரை மணி நேரம் காற்றில் சும்மா உட்கார வேண்டும். ஏறுகிற வரைக்கும் உடம்பு தானே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். அதனால் ஏறும்போது குளிர் அவ்வளவாகத் தெரியாது. நின்ற பத்தாவது நிமிடம் எல்லாம் மாறிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை 6 முதல் 7 டிகிரி இறங்கும். அது மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். வியர்வையில் ஊறிய பருத்திச் சட்டையின் மேல் காற்று படும்போது அந்த ஈரம் காய்வதற்கான சூட்டை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுக்கும். கடலூரில் வியர்வை நம்மைக் குளிர்விக்கிற அதே வேலைதான். மலை உச்சியில் அது தேவைக்கு மேல் நடக்கிறது.

ஆகவே இரவு 12 மணிக்குக் கிளம்புங்கள். நன்றாக நடப்பவர்கள் 12.30க்குக் கூடக் கிளம்பலாம். 11.30க்கு முன் வேண்டவே வேண்டாம். வனத்துறை எந்த நேரத்தில் மேலே விடுகிறது என்பதை மட்டும் அன்று மாலையே அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்து அரை மணி முன்பின் ஆகலாம்.

மலைக்கு அனுமதி பிப்ரவரி முதல் மே வரை. சித்திரை, வைகாசியில் குளிர் குறைவு, ஆனால் இறங்கும்போது வெயில் கொளுத்தும், கோடை மழை இடியோடு வந்தால் மேல் மலைகளில் ஒதுங்க இடமில்லை. மகா சிவராத்திரிக்குக் கூட்டம் நெருக்கும். படிகளில் நம் வேகத்தில் ஏறவே முடியாது. மாசி மகத்தை ஒட்டிய சனி ஞாயிறுதான் எங்கள் சிபாரிசு. நம்மூரில் அன்று தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரிக் கூட்டம், மலையில் பௌர்ணமி நிலா. நிலாவை நம்பி டார்ச் இல்லாமல் போய்விடாதீர்கள். முதல் நான்கு மலைகள் மரங்களுக்கு அடியில். அங்கே நிலா வெளிச்சம் தரைக்கு வராது. தலையில் மாட்டும் ஹெட்லைட் வாங்குங்கள், கூடவே ஒரு செட் பேட்டரி. ஒரு கையில் தடி, இன்னொரு கை பாறையைப் பிடிக்க. போனை எந்தக் கையில் பிடிப்பது?

துணிமணிக்கு வருகிறேன். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் கூடாது. ஏறும்போது பாலியஸ்டர் டீஷர்ட், லேசான டிராக் பேண்ட். பையில் உலர்ந்த டீஷர்ட் ஒன்று, முழுக்கை ஸ்வெட்டர் ஒன்று, காதை மூடும் குல்லா, உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி, ஒரு ரெயின்கோட். ரெயின்கோட் மழைக்காக இல்லை. ஸ்வெட்டர் வழியாகக் காற்று ஊடுருவும். அதன்மேல் ரெயின்கோட்டைப் போட்டால்தான் சூடு உள்ளே நிற்கும். நம்மூரில் மார்கழியில் சாலையோரம் குவித்து விற்கும் ஸ்வெட்டர்களை மாசியில் தேடினால் கிடைக்காது, அப்போதே வாங்கி வையுங்கள். முதுகு வியர்வை பையின் துணியைத் தாண்டி உள்ளே இறங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேலே போய்ப் பிரித்துப் பார்த்தால் மாற்றுச் சட்டையும் ஈரமாக இருக்கும். உலர்ந்த துணியை ரெயின்கோட்டுக்குள் சுருட்டி, பையில் முதுகு படாத பக்கமாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிளாஸ்டிக்கை அடிவாரத்தில் சோதிப்பார்கள். பிஸ்கட் உறைவரை பிரித்துப் பார்ப்பார்கள், அதில் தப்பே இல்லை, மலை அதனால்தான் இந்த அளவுக்காவது சுத்தமாக இருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலில் 1 லிட்டர் தண்ணீர் போதும். வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று நிரப்பிக்கொள்ள இடம் உண்டு. தின்பதற்குக் கடலூர்க்காரர்கள் தேடி அலைய வேண்டியதில்லை. பண்ருட்டி முந்திரியில் உடைந்த பருப்பை வாங்குங்கள், முழுப்பருப்பைவிட விலை மலிவு, வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். 100 கிராமில் 550 கலோரிக்கு மேல். கூட 50 கிராம் வெல்லம், கொஞ்சம் உப்புக்கடலை. துணிப்பையில் முடிந்து பேண்ட் பாக்கெட்டில் வையுங்கள். முதுகுப் பையில் வைத்தால் எடுக்கச் சோம்பல்பட்டுத் தின்னாமலே போவீர்கள். ஒவ்வொரு மலை முடிவிலும் ஒரு பிடி. வயிற்றில் ஒன்றும் இல்லாதவனுக்குத்தான் குளிர் முதலில் ஏறும்.

பயிற்சிக்கு நம்மிடம் மலை இல்லை என்று சொல்லாதீர்கள். கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் ஔஷதகிரிக் குன்றில் 74 படிகள். ஒரு படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் ஒருமுறை ஏறுவது 11 மீட்டர். வெள்ளியங்கிரியில் ஏற வேண்டியது ஆயிரம் மீட்டருக்கு மேல், அதாவது ஔஷதகிரி 90 தடவைக்கு மேல்! போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து வாரம் மூன்று நாள், 4 கிலோ பையோடு 10 முறை ஏறி இறங்குங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை 5 கூட்டுங்கள். இறங்குவதையும் சேர்த்துச் செய்வதுதான் முக்கியம். புதுச்சேரிக்காரர்களுக்குச் செஞ்சி ராஜகிரி பக்கத்தில் இருக்கிறது, ஏறத்தாழ 800 அடி. ஒரே காலையில் அதை இரண்டு முறை ஏறி இறங்கி, மறுநாள் மாடிப்படி இறங்க முடிகிறவர் வெள்ளியங்கிரிக்குத் தயார்.

இப்போது பஸ் கதை. கடலூரிலிருந்து விருத்தாசலம், ஆத்தூர், சேலம், அவிநாசி வழியாகக் கோவை கிட்டத்தட்ட 360 கிலோமீட்டர். அரசு பஸ்ஸில் 300 ரூபாய்க்கு முன்பின், 9 முதல் 10 மணி நேரம். தனியார் ஆம்னி பஸ்கள் விடுமுறை வெள்ளிக்கிழமைகளில் கேட்கும் தொகையில் அரசு பஸ்ஸில் போய் வந்தே விடலாம். அதை நாங்கள் தொடவே இல்லை. ஆனால் அரசு பஸ்ஸிலும் இருக்கை பார்த்து ஏற வேண்டும். இந்தமுறை கிடைத்தது கடைசி வரிசை, ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி மேலும் போகாது கீழும் வராது. ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பு எழும்பி விழுந்தது. மலையேறப் போகும் முதுகுக்கு இது நல்லதே இல்லை. பத்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை, நடு இருக்கை காலியாக இருக்கும் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனி காலை கோவை காந்திபுரம். அங்கிருந்து பூண்டிக்கு டவுன் பஸ்; பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு வழி. பகலில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். பொழுது சாய்ந்தபின் காந்திபுரத்தில் நின்றால் கார்க்காரர்கள் மொய்ப்பார்கள். ஒருவர் பூண்டிக்கு 2,000 ரூபாய் கேட்டார். கடலூரிலிருந்து கோவைக்கு வந்து திரும்பும் செலவைவிட மூன்று மடங்கு! ‘யானை வரும் ரோடு சார், யாரும் வரமாட்டாங்க’ என்று பயமுறுத்தல் வேறு. செம்மேட்டுப் பக்கம் யானை நடமாட்டம் உண்மை. அதற்காக 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் இடத்துக்கு அந்தத் தொகை அநியாயம். பகல் பஸ்ஸில் வந்தால் பேரம் பேசும் வேலையே இல்லை. சனி மதியம் அடிவாரத்தில் சாப்பிட்டு, நிழல் பார்த்துப் படுத்து, குறைந்தது 5 மணி நேரம் தூங்குங்கள். இரவு 8 மணிக்கு லேசாக இட்லி.

பெண்கள் கவனிக்க: 10 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் உள்ளவர்கள் மலை ஏறுவதில்லை என்பது இங்கே நெடுநாள் வழக்கம். குடும்பத்தோடு அத்தனை தூரம் வந்து அடிவாரத்தில் மனம் நோகாமல், ஊரிலிருக்கும்போதே விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூங்கில் தடி அடிவாரத்தில் 30, 50 ரூபாய்க்குக் கிடைக்கும். முதலில் கைக்கு வந்ததை வாங்காதீர்கள். கணுக்கள் நெருக்கமாக, அடிப்பக்கம் பிளவில்லாமல், நிற்கும்போது மார்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் விரிசல் விட்ட தடி சலசலவென்று காட்டிக்கொடுத்துவிடும். இடுப்பு உயரத் தடி ஏறப் போதும், இறங்கும்போது அடுத்த படிக்கு எட்டாது.

முதல் மலை நீளம், செங்குத்து. ஒரே சீராக இல்லாத கருங்கல் படிகள், சில முழங்கால் உயரம். எல்லாரும் இங்கேதான் வேகம் காட்டி மூச்சு வாங்குவார்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள், உட்காராதீர்கள். வெள்ளைப் பிள்ளையார் கோயில் வந்தால் முதல் மலை முடிந்தது. இரண்டு, மூன்றில் படிகளும் வழுக்குப் பாறையும். பாறையில் வெட்டியிருக்கும் தடத்தில் முழுப்பாதம் வையுங்கள், நுனிக்காலில் ஏறினால் வழுக்கும். சீசன் கடைகளில் சுக்குக் காபி கிடைக்கும். கையில் வாங்கியவுடன் குடிக்கத் தோன்றாது, டம்ளரை இரண்டு உள்ளங்கையிலும் உருட்டிக்கொண்டே நிற்கத் தோன்றும். மிளகும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கும்போது விரல் நுனிவரை சூடு பரவும். மேலே போகப் போக விலை கூடும். அத்தனையும் தலைச்சுமையாக வருகிறது, குறை சொல்ல மனம் வரவில்லை.

நான்காவது மலை முடிகிற இடத்தில் மரங்கள் விலகும். அங்கேயே, காற்று படுவதற்கு முன்பே, ரெயின்கோட்டும் குல்லாவும் போட்டுவிடுங்கள். குளிர ஆரம்பித்தபின் போடலாம் என்று காத்திருந்தால் அதற்குள் விரல் மரத்து ஜிப் இழுக்க வராது. ஸ்வெட்டரை இப்போது போடாதீர்கள், ஏழாவது மலையில் வியர்த்து அதுவும் நனையும். ஆறாவது மலை இறங்கி ஆண்டி சுனைக்குப் போகும். அங்கே குளிப்பது வழக்கம். விடியலுக்கு முன் முழுக்குப் போடுவதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். தலையில் நீர் தெளித்துக்கொண்டு மேலே போய், தரிசனம் முடிந்து, வெயில் ஏறியபின் திரும்பும் வழியில் குளியுங்கள்.

ஏழாவது மலை குறுகல், செங்குத்து, மண் சரியும். உச்சி தொட்ட 5 நிமிடத்துக்குள் ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு உலர்ந்தது, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் ரெயின்கோட். பிறகு வரிசையில் நின்று குகைக்குள் சுயம்பு லிங்கத்தைத் தரிசியுங்கள். பௌர்ணமியன்று ஏறியவர்களுக்கு ஒரு பெரிய கொடுப்பினை: கிழக்கே கோவைச் சமவெளியின் மேல் சூரியன் எழும் அதே வேளையில் மேற்கே மலைகளுக்குப் பின்னால் நிலா இறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில், இரண்டு பக்கமும்! இதற்காக எத்தனை மணி நேரமும் பஸ்ஸில் உட்காரலாம்.

கூட வந்தவர் நடுங்குவதை நிறுத்திவிட்டு, பேச்சு குழறி, பட்டன் போட முடியாமல் தடுமாறினால் அது களைப்பு இல்லை, உடல் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. உடனே ஈரத்துணியை மாற்றி, காற்று மறைவில் இருவர் நடுவில் உட்காரவைத்து, இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறவே வேண்டாம். சீசன்தோறும் நெஞ்சுவலியாலும் மூச்சுத்திணறலாலும் இங்கே உயிரிழப்பு நடக்கிறது. மேலே ஆம்புலன்ஸ் வராது, டோலி கட்டித்தான் இறக்க வேண்டும்.

7.30க்குள் இறங்கத் தொடங்குங்கள், 4 மணி நேரம் ஆகும். தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காலை இறக்குங்கள். நேராகக் குதித்து இறங்குபவர்களின் முட்டி முதல் மலைப் படிகளில் வெடவெடக்கும்.

தலைக்கு மொத்தம் 1,200 ரூபாய்க்குள் முடிகிற பயணம் இது. ஞாயிறு மாலை காந்திபுரத்தில் கடலூர் பஸ்ஸுக்குக் கூட்டம் முட்டும், போகும்போதே திரும்புவதற்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ்ஸுக்கு ஓடாமல் சேலம் வரை எந்த அரசு பஸ்ஸிலாவது ஏறுங்கள். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கடலூருக்கு விருத்தாசலம் வழியாகவும், புதுச்சேரிக்குக் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாகவும் பஸ் பிடிக்கலாம்.