ஆட்டின் கணுக்காலிலிருந்து தொடங்குங்கள்

எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்த கையோடு, அழிந்துபோன குளம்புள்ள பாலூட்டிகளைப் பற்றி பிஎச்.டி. செய்ய நேர்முகத் தேர்வுக்குப் போனேன். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியிருந்தேன். இமயமலை அடிவாரத்தில் புதைபடிவங்கள் கிடைக்கும் சிவாலிக் பாறை அடுக்குகளின் பெயரையும் வயதையும் தடுமாறாமல் சொன்னேன். அப்புறம் குழுவில் ஒருவர் சின்ன எலும்பு ஒன்றை மேசையில் வைத்து, "இது இடது காலா, வலது காலா?" என்று கேட்டார். அது கால் எலும்பு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் புதைபடிவ விலங்குகளை ஆராயும் இந்தத் துறைக்குப் பெரும்பாலும் ஜியாலஜி வழியாகத்தான் வருகிறோம். எலும்பைத் தொடாமலேயே நெட், கேட் (GATE) தேர்வுகளில் தேறிவிட முடியும். ஆனால் ஆய்வு முழுக்க எலும்பும் பல்லும்தான். அதனால் தேர்வுக்குப் படிக்கும்போதே உடற்கூறியலையும் ஆரம்பித்துவிடுங்கள்.

நான் செய்தது இதுதான். கறிக்கடையில் ஆட்டின் பின்னங்காலை மூட்டோடு கேட்டு வாங்கி, வேகவைத்து, எலும்புகளைப் பிரித்து, உலர்த்தி, வரைந்தேன். பின்னோக்கி மடங்கும் அந்த மூட்டை முழங்கால் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது கணுக்கால். அதில் இருக்கும் அஸ்ட்ராகலஸ்தான் தேர்வுக்குழு காட்டிய எலும்பு. ஆடு, மாடு, மான், பன்றி போன்ற இரட்டைக் குளம்பினத்தில் அதன் மேல்முனை, கீழ்முனை இரண்டும் கிணற்றுக் கப்பிபோல இருக்கும். குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் மேலே மட்டும்தான் கப்பி. பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கலங்களின் கணுக்காலிலும் இரட்டைக் கப்பி இருந்தது என்று 2001இல் வெளியான ஆய்வுகள் காட்டின. திமிங்கலம் இரட்டைக் குளம்பின வழியில் வந்தது என்பதற்கு எலும்புச் சான்று அப்படித்தான் கிடைத்தது.

இந்தோஹயஸ் என்ற ஆதி விலங்கின் கதையையும் அவசியம் படியுங்கள். ஜம்முவின் காலாகோட்டில் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் சேகரித்த, எலும்புகள் பொதிந்த பாறைகள் பல வருடங்கள் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் மறைந்தபின் அவருடைய மனைவி அவற்றைப் புதைபடிவ ஆய்வாளர் ஹான்ஸ் தேவிசனிடம் கொடுத்தார். சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோடு தவறுதலாக உடைய, காதெலும்பின் தடித்த உட்சுவர் வெளியே தெரிந்தது. அப்படிப்பட்ட காதெலும்பு திமிங்கலங்களுக்கு உரியது. 2007இல் முடிவுகள் வெளிவந்தன. பூனை அளவே இருந்த, குளம்புள்ள அந்த விலங்கு திமிங்கலத்தின் நெருங்கிய உறவு! தேவிசன் ஏற்கெனவே திமிங்கலக் காதுகளைப் பார்த்துப் பழகியவர். அந்தப் பழக்கம் இல்லாத ஒருவர் கையில் அது வெறும் உடைந்த எலும்பாகவே போயிருக்கும்.

பற்களுக்குத் தனியாக ஆறு மாதமாவது கொடுங்கள். புதைபடிவங்களில் அதிகம் கிடைப்பவை அவைதான். உயரமான கடைவாய்ப் பல், தேய்மானம் மிகுந்த புல் மேய்ச்சலுக்குத் தோதானது. அந்த விலங்கு என்ன தின்றது என்பதை எனாமலில் உள்ள கார்பன் ஐசோடோப்பும் சொல்லும். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் சிவாலிக் தொகுப்பு இருக்கிறது. ஒரு நாள் போதாது, நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்.

வேலை வாய்ப்பு குறைவு, அதை மறைக்க மாட்டேன். டேராடூன் வாடியா நிறுவனம், லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனம், சில பல்கலைக்கழகங்கள், அப்புறம் யூபிஎஸ்சி தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். கடைசியாகச் சொன்ன தேர்வை பிஎச்.டி.க்கு நடுவிலும் எழுதலாம். வயது வரம்பை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.